முதலில் நம் ஊர் ஏரி: வாசகர் கேள்வி – பதில்

தம் ஊரின் பழமையையும் இயற்கையையும் ஊர் மக்களே தேடி அறிவது பற்றிக் கேள்விகள் எழுதலாம் என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். சேலத்திலிருந்தும் சேர்வராயன் மலை ஊர்களிலிருந்தும் வந்த கடிதங்களே மிகுதி. அவற்றுள் சிலவற்றுக்கு இம்மாதம் விடை எழுதுகிறேன். பெயரை வெளியிட வேண்டாம் என்று சிலர் கேட்டுக்கொண்டதால் அனைவரின் பெயர்களையும் தவிர்த்திருக்கிறேன்.

கேள்வி: எங்கள் பள்ளியில் ஆண்டுதோறும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை ஏற்காட்டுக்கு அழைத்துச் செல்கிறோம். படகுத்துறை, பூங்கா, பகோடா முனை எல்லாம் பார்த்துவிட்டு மாலையில் இறங்கிவிடுகிறோம். பிள்ளைகள் மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறார்கள். ஆனால் மலையைப் பற்றி ஏதும் தெரிந்துகொண்டார்களா என்று கேட்டால் எனக்கே பதில் இல்லை. பயணத்தை எப்படி அமைக்கலாம்?
– ஓர் ஆசிரியை, கன்னங்குறிச்சி

பதில்: பயணத்தைத் தொடங்கும் இடத்தை மாற்றிப் பாருங்கள். மலைப் பாடத்தை மலை உச்சியில்தான் தொடங்க வேண்டும் என்பதில்லை. அடிவாரத்தில் இருக்கும் உங்கள் ஊருக்கு அந்த மலையின் தண்ணீரே இறங்கி வருகிறது. சரிவில் பெய்யும் மழை ஓடைகளாக வந்து புது ஏரியில் சேர்கிறது. அது நிரம்பிக் கோடி விழுந்தால், அதாவது மிகுநீர் வெளியேறினால், மூக்கனேரிக்குப் போகிறது. ஆகையால் பேருந்து ஏறுவதற்கு இரண்டு மாதம் முன்பே, வாரம் ஒரு முறை, பிள்ளைகளை ஏரிக்கரைக்கு நடத்திச் செல்லுங்கள். முதல் நாள் மூன்றே மூன்றைக் கண்டுபிடிக்கச் சொன்னால் போதும்: தண்ணீர் உள்ளே வரும் வழி எது, மதகு எங்கே இருக்கிறது, கோடி எந்தப் பக்கம். இந்த மூன்றையும் கண்ணால் கண்டு தாளில் வரைந்துவிட்ட பிள்ளை, ஏரி என்பது தானாகத் தேங்கிய குட்டை அன்று, யாரோ ஒருவர் நிலத்தின் சரிவை அளந்து பார்த்துக் கட்டிய அமைப்பு என்பதை ஒருவரும் சொல்லாமலே புரிந்துகொள்ளும்.

இரண்டாவது வாரம் பறவைகளைப் பார்க்கலாம். பெயர்ப் பட்டியலைக் கையில் கொடுத்து அனுப்பாதீர்கள். ஒரு பறவையை ஒரு மணி நேரம் பார்க்க வையுங்கள். முக்குளிப்பான் அதற்கு மிகவும் ஏற்றது. கைக்குள் அடங்கிவிடும்போல் சிறிய பறவை. மிதந்துகொண்டே இருக்கும், கண் இமைப்பதற்குள் நீருக்குள் போய்விடும். அது முழுகியதும் பிள்ளைகள் எண்ணத் தொடங்கட்டும். எத்தனை எண்ணுவதற்குள் வெளிவருகிறது, முழுகிய இடத்துக்கு எந்தப் பக்கம் எழுகிறது என்று குறிக்கட்டும். கறுத்த உடலும் வெள்ளை நெற்றியும் கொண்ட நாமக்கோழிக்கு அப்பெயர் ஏன் வந்தது என்பதை நீங்கள் சொல்லித்தர வேண்டியதே இராது. தமிழ்நாட்டில் 2015 முதல் ஆண்டுதோறும் பொங்கல் விடுமுறையில் பறவைக் கணக்கெடுப்பு நடந்து வருகிறது. வேண்டியவர் எவரும், தாம் இருக்கும் ஊரிலிருந்தே அதில் சேரலாம். இரண்டு மாதம் ஏரிக்குப் போய்ப் பழகிய பிள்ளைகளின் கணக்கு மற்ற எவருடைய கணக்குக்கும் குறைந்ததாக இராது.

மூக்கனேரியில் தெரியும் மண் திட்டுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2010ஆம் ஆண்டில் பொதுமக்கள் சேர்ந்து இந்த ஏரியைச் சீரமைத்தபோது, அள்ளிய மண்ணை ஏரிக்குள்ளேயே திட்டுகளாகக் குவித்து அவற்றில் மரக்கன்றுகளை நட்டார்கள். இன்று மாலையில் பறவைகள் வந்து அடையும் மரங்கள் அவைதாம். அந்த வேலையில் மண் சுமந்தவர்கள் சேலத்தில் இன்றும் இருக்கிறார்கள். ஒருவரைத் தேடிப் பிடித்து, வகுப்பறைக்கு அழைக்காமல் ஏரிக்கரைக்கே வரச் சொல்லிப் பேச வையுங்கள்.

இவ்வளவும் ஆன பிறகு ஏற்காடு போங்கள். அப்போது அந்த 20 கொண்டை ஊசி வளைவுகளும் பிள்ளைகளுக்கு, தாங்கள் பார்த்த தண்ணீர் புறப்பட்ட இடத்துக்கு ஏறிப் போகும் வழியாகத் தெரியும். மலைச் சாலையில் வண்டியை நிறுத்துவது ஆபத்து. ஆனால் சன்னலோரத்தில் இருக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஐந்து வளைவுகளைப் பிரித்துக் கொடுத்து, அங்கே கண்ட மரம், செடி, பாறை ஆகியவற்றை எழுதச் சொல்லலாம். கீழே முள்ளும் புதருமாக இருக்கும் காடு நடுவில் மூங்கிலாக மாறுவதும், மேலே சில்வர் ஓக் நிழலில் காப்பிச் செடியும் மரத்தைச் சுற்றிய மிளகுக் கொடியுமாக ஆவதும் அந்தக் குறிப்புகளைச் சேர்த்துப் படித்தாலே விளங்கும். காப்பி இந்த மலைக்கு வந்தது 1820களில், சேலத்தில் ஆட்சியராக இருந்த காக்பர்ன் காலத்தில். நாம் இயற்கைக் காட்சி என்று நின்று படம் எடுக்கும் சரிவுகளில் பெரும்பகுதி 200 ஆண்டுத் தோட்டம் என்பதைப் பிள்ளைகள் அறிய வேண்டும். தோட்டத்துக்கு முன்பு இங்கே என்ன இருந்தது என்ற கேள்வி எழுந்தால், இந்தியத் தாவரவியல் ஆய்வகம் 1963 முதல் ஏற்காட்டில் நடத்திவரும் ஆர்க்கிட் தோட்டத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். சேர்வராயன் மலையின் பெயரையே அறிவியல் பெயராகத் தாங்கிய வெர்னோனியா சேர்வராயென்சிஸ் என்ற சிறு மரம் ஒன்று உண்டு என்பதையும் அங்கே சொல்லுங்கள். தம் ஊர் மலையின் பெயரில் உலகத்துத் தாவர நூல்களில் ஒரு மரம் இருக்கிறது என்று கேட்கும் பிள்ளையின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். அதற்காகவே அந்தப் பயணம் போகலாம்.

கேள்வி: ஏற்காட்டுக்கு அப்பால் இருக்கும் எங்கள் ஊரில், பலா மரத்தடிப் பிள்ளையார் மேடையில் உள்ளங்கை அளவில் வழுவழுப்பான கற்கள் பத்துப் பன்னிரண்டு இருக்கின்றன. தாத்தா காலத்துக்கு முன்பிருந்தே அவற்றுக்கும் சேர்த்துத்தான் எண்ணெய் வைத்துப் பொட்டு இடுகிறோம். சென்ற மாதம் வந்த ஒருவர், அவை பழங்காலத்துக் கோடரிகள் என்று சொல்லி விலைக்குக் கேட்டார். கொடுக்கவில்லை. அருங்காட்சியகத்துக்காவது கொடுத்துவிடலாம் என்கிறார்கள் இளைஞர்கள், பெரியவர்கள் ஒப்பவில்லை. எது சரி?
– மலை ஊர் வாசகர்

பதில்: விலைக்குக் கொடுக்காமல் விட்டதற்கு முதலில் என் வணக்கம். மற்றதில் நான் உங்கள் ஊர்ப் பெரியவர்கள் பக்கம்.

கற்களை அசைக்காமல் சற்றுக் குனிந்து பாருங்கள். ஒரு முனை அகன்று, விளிம்பு மெல்லியதாகத் தேய்க்கப்பட்டும், மறுமுனை குறுகியும், மொத்தத்தில் ஒரு முக்கோணத்தின் மூலைகளை மழுக்கியது போன்றும் இருந்தால், அவை புதிய கற்காலத்துக் கைக்கோடரிகளாக இருக்க மிகுந்த வாய்ப்பு உண்டு. சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன்பு இந்த மலைகளில் வாழ்ந்தவர்கள், இறுக்கமான கருங்கல்லைச் செதில் செதிலாக உடைத்து உருவம் ஆக்கி, கொத்திக் கொத்திச் சமன் செய்து, பிறகு பாறை மேல் மணலும் தண்ணீரும் விட்டு நாள்கணக்கில் தேய்த்து உண்டாக்கியவை. உங்கள் விரலில் படும் அந்த வழுவழுப்பு முழுவதும் கையுழைப்பு. சேலம், தர்மபுரி வட்டாரத்து மலை ஊர்களில் இத்தகைய கற்களைப் பிள்ளையார் மேடையில் வைத்து வழிபடுவது பலரும் பதிவு செய்த செய்திதான். காட்டைத் திருத்தும்போதும் உழும்போதும் கிடைத்ததை, சாதாரணக் கல் அன்று என்று கண்டுகொண்டு, உங்கள் முன்னோர் கொண்டுவந்து சேர்த்த இடம் அது.

உங்கள் மலைக்கும் இந்தியத் தொல்லியலுக்கும் உள்ள உறவை ஊர் இளைஞர்கள் அறிய வேண்டும். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ஒரு பழைய கற்கால கைக்கோடரியைக் கண்டெடுத்து, இந்த நாட்டின் வரலாற்றுக்கு முந்தைய காலத்தை ஆய்வுலகுக்குத் திறந்து காட்டியவர் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர். அவர் தம் பிற்காலத்தில் குடியிருந்த ஊர் ஏற்காடு. சேர்வராயன் மலையிலும் அவர் கற்கருவிகளைத் தேடித் தொகுத்தார். அவருடைய தொகுப்பை 1904இல் சென்னை அருங்காட்சியகம் வாங்கிக்கொண்டது. 1912இல் அவர் கல்கத்தாவில் இறந்தார். அவருடைய நினைவிடம் ஏற்காட்டில், டிரினிட்டி தேவாலயத்தில் இருக்கிறது. அவருடைய மாமனார் பீட்டர் பெர்சிவல், தமிழ்ப் பழமொழிகளை ஆயிரக்கணக்கில் திரட்டி நூலாக்கியவர், ‘தினவர்த்தமானி’ இதழை நடத்தியவர். அவரும் 1882இல் ஏற்காட்டில்தான் காலமானார். ஒரே குடும்பத்தில் ஒருவர் தமிழ் மக்களின் வாய்ச்சொல்லைத் திரட்டினார், மற்றவர் அவர்களுக்கும் முந்தையோரின் கற்களைத் திரட்டினார். இருவரும் இந்த மலைக் காற்றில் வாழ்ந்திருக்கிறார்கள் என்பது என் மனத்துக்கு மிகவும் நெருக்கமான செய்தி.

அப்படியானால் அருங்காட்சியகத்துக்கு ஏன் கொடுக்கக் கூடாது என்று இளைஞர்கள் கேட்பார்கள். கொடுப்பது தவறு என்று நான் சொல்லவில்லை. நாதியற்றுக் கிடக்கும் பொருளுக்கு அருங்காட்சியகமே புகலிடம். ஆனால் உங்கள் கற்களுக்கு விளக்கேற்ற ஆள் இருக்கிறது. பெட்டிக்குள் போனபின் அவற்றின்மேல் மலையின் பெயர் மட்டும் இருக்கும்; எந்தச் சரிவு, எந்த ஊர், எந்த மரத்தடி, அவற்றுக்கு யார் எண்ணெய் வைத்தார்கள் என்பதெல்லாம் உதிர்ந்துவிடும். இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும்; ஆனால் எழுதப்படாமல் இருக்க வேண்டாம். ஒவ்வொரு கல்லின் பக்கத்திலும் ஓர் அளவுகோலை வைத்துப் படம் எடுங்கள். நீளம், அகலம், கனம் மூன்றையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி எண் இடுங்கள். அந்த எண்ணைக் கல்லின்மேல் எழுதிவிடாதீர்கள். யார் காட்டில் எது கிடைத்தது என்று பெரியவர்களுக்கு நினைவிருந்தால் அதையும் சேருங்கள். குறிப்பேடு ஊரில் இருக்க, அதன் படி ஒன்று மாநிலத் தொல்லியல் துறைக்குப் போகட்டும்.

இரண்டு எச்சரிக்கைகள். மேடையைப் புதுப்பிக்கும்போது கற்களைச் சிமென்ட்டில் பதித்துவிடாதீர்கள். நல்லெண்ணத்தில் செய்யும் இந்த ஒரு வேலையால் அழிந்தவை ஏராளம். மீண்டும் அந்த வியாபாரி வந்தால், 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தொல்பொருளை விற்பது குற்றம் என்று சொல்லுங்கள். அத்துடன், இந்தக் கோடரிகளைத் தேய்த்த பாறைகள் உங்கள் ஓடைப் பக்கத்தில் இருக்கக்கூடும். படகின் அடிப்பக்கம்போல் நீண்டு குழிந்த, உட்புறம் வழுக்கும் பள்ளங்களைப் பாறைமேல் கண்டால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

கேள்வி: நண்பர்கள் பத்துப் பேர் சேர்ந்து அடிவாரத்திலிருந்து காட்டுப் பாதையில் ஏற்காட்டுக்கு நடந்து போக விரும்புகிறோம். அனுமதி வேண்டுமா?
– கல்லூரி மாணவர், சேலம்

பதில்: வேண்டும். காப்புக்காட்டுக்குள் வனத்துறையின் அனுமதியின்றி நடப்பது சட்டப்படி தவறு; அதைவிட, உயிருக்கு ஆபத்து. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத் தீயில் சிக்கி 20க்கும் மேற்பட்டோர் இறந்ததை நாம் மறக்கலாகாது. கோடையில் சேர்வராயன் சரிவுகளிலும் புல் காய்ந்து தீப்பிடிக்கும். காட்டெருமை நடமாட்டமும் உண்டு. வனச்சரக அலுவலகத்தில் எழுதிக் கேளுங்கள். அனுமதி கிடைத்தால், பாதை அறிந்த மலை ஊர்க்காரர் ஒருவரைக் கூலி கொடுத்து உடன் அழைத்துச் செல்லுங்கள். அவர் வழியை மட்டும் காட்டுவார் என்று எண்ணாதீர்கள். எந்தக் காய் எந்த மாதம் பழுக்கும், எந்த ஊற்று கோடையிலும் வற்றாது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். கேட்டுக்கொண்டே நடங்கள்.

கேள்வி: கஞ்சமலை அடிவாரத்தில் எங்கள் நிலத்தை உழும்போது, நுரைத்து உறைந்தது போன்ற கனமான கறுப்புக் கட்டிகள் வருகின்றன. எரிகல் என்று ஒருவர் சொல்கிறார். உண்மையா?
– விவசாயி, இளம்பிள்ளை அருகில்

பதில்: நீங்கள் சொல்லும் அடையாளத்தை வைத்துப் பார்த்தால் அவை இரும்புக் கிட்டமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். தாதுவை உருக்கி இரும்பைப் பிரித்தெடுத்தபின் உலையில் மிஞ்சும் கசடுக்குத்தான் கிட்டம் என்று பெயர். கஞ்சமலையில் காந்த இரும்புத் தாது கொண்ட பாறை மிகுதி. அதன் அடிவாரத்தில் பழங்காலந்தொட்டு ஊர்தோறும் உலை வைத்து இரும்பு எடுத்திருக்கிறார்கள். 1830களில் ஹீத் என்ற ஆங்கிலேயர் பரங்கிப்பேட்டையில் நிறுவிய இரும்பாலைக்குச் சேலம் வட்டாரத்துத் தாது போயிற்று. நம் காலத்தில் சேலம் இரும்பாலை கஞ்சமலையை ஒட்டி அமைந்ததும் இந்தத் தாதுவை எண்ணித்தான்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை சொல்கிறேன். நல்ல மழை பெய்து ஓய்ந்த மறுநாள், மலையிலிருந்து இறங்கும் ஓடையில் ஒரு காந்தத்தைத் தாளில் சுற்றி ஈர மணலில் இழுக்கச் சொல்லுங்கள். மயிர்க்கால்கள்போல் கறுப்பு மணல் தாளில் எழுந்து நிற்கும். மலையே பொடியாகி வந்து அந்தக் காந்தத்தில் ஒட்டிக்கொள்கிறது. கிட்டம் கிடைக்கும் வயல்களை வரைபடத்தில் குறித்து வாருங்கள். அது ஓரிடத்தில் குவியலாகக் கிடந்தால் பக்கத்தில் உலை இருந்திருக்கலாம். சுட்ட மண் குழாய்த் துண்டுகள் தென்பட்டால், அவை உலைக்குக் காற்று ஊதிய துருத்தியின் வாயாக இருக்கக்கூடும். அந்த இடத்தை மேலும் தோண்டாமல் விட்டுவைத்துத் தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள்.

கேள்வி: எங்கள் ஊரைச் சுற்றிச் சிறு கோயில்களிலும் ஏரிக்கரையிலும் எழுத்து உள்ள கற்கள் கவனிப்பாரின்றிக் கிடக்கின்றன. இளைஞர் மன்றத்தின் சார்பில் அவற்றைக் கம்பித் தூரிகையால் தேய்த்துச் சுத்தம் செய்து, எழுத்துகளுக்கு வெள்ளை வண்ணம் தீட்ட முடிவு செய்திருக்கிறோம். உங்கள் ஆலோசனை வேண்டும்.
– இளைஞர் மன்றத்தினர், தாரமங்கலம் வட்டாரம்

பதில்: அருள்கூர்ந்து அந்த முடிவை நிறுத்தி வையுங்கள். உங்கள் ஆர்வத்தைக் குறை சொல்லவில்லை. ஆனால் கம்பித் தூரிகை பாசியை மட்டும் எடுக்காது, எழுத்தின் விளிம்பையும் சேர்த்து எடுத்துவிடும். வண்ணம் தீட்டுகிறவர் தமக்குத் தெரிந்த எழுத்தைத்தான் தீட்டுவார். பழைய ‘ர’வும் கால் வாங்கும் குறியும் ஒன்றுபோலவே இருக்கும் கல்வெட்டில், ஒரு கோடு தவறினாலும் பொருள் மாறிவிடும். பிறகு வரும் அறிஞர் கல்லைப் படிக்க முடியாது, உங்கள் வண்ணத்தைத்தான் படிப்பார். சுண்ணக்கட்டி, மாவு, அமிலம் எதுவும் வேண்டாம்.

எழுத்தைப் பார்க்க நல்ல வழி வெளிச்சந்தான். உச்சி வெயிலில் வெறுங்கல்லாகத் தெரிவது, மாலை நாலரை மணிக்கு மேல் வெயில் சாய்ந்து விழும்போது, ஒவ்வொரு எழுத்தின் பள்ளத்திலும் நிழல் நின்று வரிவரியாக எழுந்து வரும். இருட்டிய பின் கைப்பேசி விளக்கைக் கல்லுக்கு நேரே காட்டாமல், பக்கவாட்டில், கல்லை ஒட்டினாற்போல் பிடித்து, விளக்கின் திசையை மாற்றி மாற்றி நான்கு படங்கள் எடுங்கள். கல்வெட்டு அறிஞர் படி எடுக்கும் முறையையும் ஒரு முறை கேட்டு வாங்கிப் பாருங்கள். கல்லை நீரால் நனைத்துத் தாளை ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்தின் பள்ளங்களுக்குள் தாள் இறங்கும்படி செய்து, மைதோய்ந்த பஞ்சுப் பொதியால் மேலே ஒற்றுவார்கள். தாளைப் பிரித்தால் கறுப்புப் பரப்பில் வெள்ளை வெள்ளையாக எழுத்து நிற்கும். அது பயிற்சி பெற்றவர் அனுமதியுடன் செய்யும் வேலை. தாமாகச் செய்து பார்க்கக் கூடாது.

மன்றத்தின் வேலை, இருக்கும் கற்களின் பட்டியல். துணி துவைக்கும் கல்லாக, வாசற்படியாக, ஓடைப் பாலத்துப் பலகையாக மாறிவிட்ட எழுத்துக் கற்கள் ஊருக்கு ஒன்றாவது இருக்கும். அவற்றை அறிந்தவர்கள் ஊர்ப் பெண்கள்தாம், ஆண்களைக் கேட்டுப் பயனில்லை. உங்கள் கையெட்டும் தூரத்தில் கைலாசநாதர் கோயிலும் இருக்கிறது. உங்கள் வட்டாரத்தை ஆண்ட கெட்டி முதலியார்கள் பெரிதாக எடுத்துக் கட்டிய அந்தக் கோயிலின் தூண்களைப் பிள்ளைகளுக்குக் காட்டும்போது, பெருமை பேசி முடித்துவிடாமல் சோதித்துப் பார்க்க விடுங்கள். யாளியின் வாய்க்குள் உருளும் கல் உருண்டை வெளியே வராது. அப்படியானால் அது உள்ளே போனது எப்படி என்று கேளுங்கள். இராமன் நிற்கும் இடத்திலிருந்து வாலி தெரிகிறானா, வாலி இருக்கும் இடத்திலிருந்து இராமன் தெரிகிறானா என்று நின்று பார்க்கச் சொல்லுங்கள். சிற்பியின் கணக்கு அவர்கள் காலுக்கும் கண்ணுக்கும் பிடிபடும்.

கேள்வி: சேலம் நகரில் மரபு நடை ஒன்றை நடத்தினோம். முதல் முறை 70 பேர் வந்தார்கள். இரண்டாவது முறை 15 பேர். மூன்றாவது முறைக்கு ஐந்து பேர்கூட இல்லை. மக்களுக்கு அக்கறை இல்லையா?
– ஓய்வு பெற்ற வங்கி ஊழியர், அஸ்தம்பட்டி

பதில்: அக்கறை இருக்கிறது, கையில் வேலை இல்லை. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன்பு ஓர் அமைப்பின் அழைப்பின் பேரில் ஒரு பழைய கோட்டைக்கு 60 பேரை அழைத்துப் போய், ஒலிபெருக்கியில் மூன்று மணி நேரம் நானே பேசினேன். வந்தவர்கள் பொறுமையாகக் கேட்டார்கள், கைதட்டினார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரும் மீண்டும் வரவில்லை. அன்று அக்கோட்டையின் வாசலில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம் நான் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை என்பது இன்றும் என்னை உறுத்துகிறது.

கூட்டத்தைக் குறைத்து வேலையைக் கொடுங்கள். எடுத்துக்காட்டாக, திருமணிமுத்தாறு. சேர்வராயன் மலையிலிருந்து இறங்கி, நகரத்தின் நடுவே ஓடி, பிறகு காவிரியில் கலக்கும் ஆறு அது. சுகவனேசுவரர் கோயில் இருக்கும் பழைய நகரம் அதன் கரையில்தான் வளர்ந்தது. நகரத்துக்குள் அதைப் பார்க்கிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கிறார்கள். நான் அவர்களைக் குற்றம் சொல்லமாட்டேன். ஐந்து பேர் போதும்: ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு பாலத்திலிருந்து அடுத்த பாலம்வரை நடந்து, எத்தனை சாக்கடைகள் கலக்கின்றன, எங்கே பழைய படித்துறை தெரிகிறது, கரையில் மிஞ்சிய பெரிய மரம் எது என்று குறியுங்கள். அடுத்த மாதம் அடுத்த பாலம். ஓராண்டில் உங்கள் கையில் இருக்கும் வரைபடத்தை மாநகராட்சியும் கேட்டு வாங்கும் நிலை வரலாம். அப்போது நடைக்கு ஆள் தேடவே வேண்டாம்.

அதுபோலவே செவ்வாய்பேட்டை. செவ்வாய்க்கிழமைச் சந்தையால் பெயர் பெற்ற அந்தப் பகுதியில் கட்டடங்களைப் பார்ப்பதோடு நில்லாமல், கொலுசுப் பட்டறை ஒன்றில் அனுமதி கேட்டு அரை நாள் உட்காருங்கள். வெள்ளிக் கட்டி உருகிக் கம்பியாக இழுபட்டு, கண்ணியாகி, பொடி வைத்து ஒட்டி, சலங்கை கோத்து, மெருகேறி வரும்வரை எத்தனை கைகள் மாறுகின்றன என்று எண்ணுங்கள். அந்தக் கைகளின் தேர்ச்சியும் இந்த ஊரின் மரபுதான், அதற்கு நுழைவுச்சீட்டுக் கிடையாது.

கேள்வி: நான் இந்த மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்தவள், எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரிக்கு வந்திருக்கிறேன். என் அப்பாயிக்கு நூற்றுக்கணக்கான செடிகள் தெரியும். சாமை, கேழ்வரகு விதைகளைப் பாதுகாக்கவும் தெரியும். அவருக்கு எழுதத் தெரியாது. இவற்றை நான் எப்படிப் பதிவு செய்வது? வெளியில் சொன்னால் யாராவது எடுத்துக்கொள்வார்களோ என்றும் அஞ்சுகிறேன்.
– கல்லூரி மாணவி, ஏற்காடு ஒன்றியம்

பதில்: இம்மாதம் வந்த கடிதங்களில் என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது உங்களுடையது. மேலே நான் ஆசிரியைக்கும், மாணவருக்கும், வங்கி ஊழியருக்கும் சொன்னதெல்லாம் வெளியில் இருந்து மலையை அறிய வருகிறவர்களுக்கு. உங்கள் அப்பாயி அந்த மலையை உள்ளிருந்து அறிந்தவர்.

அவரை உட்கார வைத்துக் கேள்வி கேட்காதீர்கள். விறகுக்கோ கீரைக்கோ அவர் போகும்போது கூடப் போங்கள். செடியைக் கண்ட இடத்தில்தான் அதைப் பற்றிய நினைவும் வரும். செடியின் பெயரை அவர் வாயில் வந்தபடியே எழுதுங்கள், திருத்தாதீர்கள். பக்கத்து ஊரில் அதே செடிக்கு வேறு பெயர் இருந்தால் அதையும் எழுதுங்கள். எந்த மாதம் துளிர்க்கும், பூக்கும், எந்தப் பகுதியைப் பறிப்பார்கள், எதைத் தொடவே மாட்டார்கள், எந்தக் கோயில் காட்டில் மட்டும் மிஞ்சியிருக்கிறது என்ற ஐந்தும் இருந்தால் நல்ல குறிப்பு. பாட்டு, விடுகதை, சேர்வராயன் சாமியையும் காவேரி அம்மனையும் பற்றி அவர் சொல்லும் கதை ஆகியவற்றை அவருடைய குரலிலேயே கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். அறிவியல் பெயர் சேர்ப்பதைப் பிறகு உங்கள் கல்லூரித் தாவரவியல் ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ளலாம்; அது கடைசி வேலை.

உங்கள் அச்சம் நியாயமானது. மருந்துச் செடிகளைப் பற்றிய அறிவைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய், சொன்னவரின் ஊர்ப் பெயரைக்கூடக் குறிப்பிடாதவர்கள் உண்டு. அதற்கு நம் நாட்டில் ஒரு வழி செய்யப்பட்டிருக்கிறது. 2002ஆம் ஆண்டின் உயிரியல் பல்வகைமைச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் ஒரு பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைய வேண்டும். ஊராரைக் கலந்து, அவ்வூரின் உயிரினங்களையும் அவற்றைப் பற்றிய ஊராரின் அறிவையும் குறிக்கும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டைத் தயாரிப்பது அதன் முதன்மையான வேலை. வெளியே சொல்ல வேண்டாம் என்று ஊரார் கருதும் மருத்துவச் செய்தியைத் தனியே காப்பாக வைத்துக்கொள்ளவும் இடம் உண்டு. மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டபோது, தங்கள் மலையையும் சுனைகளையும் அறிந்து வைத்திருந்த அந்த ஊர் மக்களின் உறுதி அதற்குப் பின்னால் இருந்தது.

ஆகவே இரண்டு குறிப்பேடுகள் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் பெயர், பருவம், விதை, பாட்டு, கதை. இது யாரும் படிக்கலாம். மற்றதில் மருந்து, இது வீட்டில் இருக்கட்டும். இரண்டையும் முதலில் அப்பாயிக்குப் படித்துக் காட்டுங்கள். எது எந்த ஏட்டில் இருக்க வேண்டும் என்று அவர் தீர்மானிக்கட்டும். அடுத்த கிராம சபை ஆகஸ்ட் 15 அன்று கூடும். அதைத் தவறவிட்டால் அக்டோபர் 2 இருக்கிறது. உங்கள் ஊராட்சியில் அந்தக் குழு அமைந்திருக்கிறதா, பதிவேடு தொடங்கியாயிற்றா என்று எழுந்து நின்று கேளுங்கள். இல்லை என்று பதில் வந்தால், முதல் ஏட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, தொடங்கிவிட்டோம் என்று சொல்லுங்கள். முடிந்தால் அப்பாயியையும் அழைத்துப் போய் முன் வரிசையில் உட்கார வையுங்கள்.